சத்து மாத்திரை ஆயுளைக் கூட்டுமா? டாக்டரிடம் கேளுங்கள்

கேள்வி: வயது 58. நோய் எதுவும் இல்லை. தினமும் மல்டிவைட்டமின் சாப்பிட்டால் ஆயுள் கூடுமா?

பதில்: கூடுவதற்கு ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் ஆரோக்கியமான சுமார் 3,90,000 பேரை 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. தினமும் சாப்பிட்டவர்கள் மற்றவர்களைவிட அதிக காலம் வாழவில்லை. அந்தப் பணத்துக்குக் கீரையும் பழமும் வாங்குங்கள் ஐயா.

கேள்வி: பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே? சிகரெட் பிடிக்கும் என் கணவருக்கு, கேரட்டில் உள்ள சத்தான பீட்டா கரோட்டீனை மாத்திரையாகக் கொடுத்துவருகிறேன்.

பதில்: இன்றே நிறுத்திவிடுங்கள் அம்மா. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டீன் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. அமெரிக்காவிலும் இதேபோன்ற ஓர் ஆய்வில் பாதிப்பு தெரியவந்ததால், 1996இல் அதைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள். கேரட் தாராளமாகச் சாப்பிடட்டும். அவர் ஆயுள் கூட வேண்டுமானால் சிகரெட்டை விடவேண்டும். அதற்கு நீங்கள் துணை நில்லுங்கள்.

கேள்வி: வாரம் ஒன்று என டாக்டர் எழுதித்தந்த 60,000 யூனிட் வைட்டமின் டியை, அவர் சொன்ன எட்டு வாரம் முடிந்த பிறகும் நானே கடையில் வாங்கித் தொடர்கிறேன். சரியா?

பதில்: சரியில்லை. இது உடலின் கொழுப்பில் தங்கிவிடும் சத்து. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல் என்று தொடங்கி சிறுநீரகத்தைக் கெடுக்கும். நிறுத்திவிட்டு, ரத்தப் பரிசோதனை செய்து அதே டாக்டரிடம் காட்டுங்கள். 25,871 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில் தினம் 2,000 யூனிட் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கொடுத்தும் புற்றுநோயோ மாரடைப்போ குறையவில்லை.

கேள்வி: மீன் எண்ணெய் மாத்திரை?

பதில்: அதே ஆய்வில் இதையும் சோதித்தார்கள், எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. மத்தி மீன் வாங்கிக் குழம்பு வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் யாருக்குமே மாத்திரை வேண்டாமா?

பதில்: அப்படிச் சொல்லவே மாட்டேன். குறைபாடு உள்ளவருக்கு அது மருந்து. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும். சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் சரியாக மூட இந்தச் சத்து வேண்டும். அது முதல் நான்கு வாரங்களிலேயே மூடிவிடுகிறது, பலருக்குக் கர்ப்பம் என்றே அப்போது தெரியாது. சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள், அதிலும் சைவ உணவுக்காரர்கள், ரத்தத்தில் வைட்டமின் பி12 குறைந்திருக்கலாம், அதன் அளவைப் பாருங்கள். பாதம் மரத்துப்போனால் எல்லாம் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடுகிறார்கள். பி12 குறைவாலும் அப்படி ஆகும். காலம் கடத்தினால் நரம்பு முழுமையாகத் தேறாமல் போகலாம்.