முதலில் கடலைக் கேளுங்கள், பிறகு நண்பர்களை

கேள்வி: எனக்கு 25 வயது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஆறு பேர் இன்றும் நெருக்கமாக இருக்கிறோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே கடைத்தொகுதி, அதே சாப்பாடு, ஆளுக்கு 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) காலி. சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்குப் போகலாம் என்று மூன்று மாதமாக வாட்ஸ்அப் குழுவில் பேசுகிறோம், தேதி மட்டும் அமையவில்லை. ஒரு தோழிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஒருவன் சுத்த சைவம். இன்னொருவன் எப்போதும் ஒரு மணி நேரம் தாமதம். எப்படித் திட்டமிடுவது, என்ன எடுத்துப்போவது, எவ்வளவு செலவாகும்?
க., ஈசூன்

பதில்: தம்பி, "எல்லாரும் எப்போ ஃப்ரீ?" என்று குழுவில் கேட்கும்வரை உங்களுக்குத் தேதி கிடைக்காது. ஒருவருக்கு ஷிஃப்ட், ஒருவருக்கு உறவினர் திருமணம், ஒருவருக்குத் தேசிய சேவை முகாமிலிருந்து அழைப்பு. ஆறு பேரின் நாள்காட்டியும் ஒத்துப்போகும் நாளுக்குக் காத்திருந்தால் அடுத்த தீபாவளியும் வந்துவிடும். உபினுக்குப் போவதில் ஒரு வசதி என்னவென்றால், தேதியை நீங்கள் முடிவு செய்யவே தேவையில்லை. கடல் முடிவு செய்யும். கடலோடு யாரும் பேரம் பேச முடியாதல்லவா!

உபினில் பார்க்க வேண்டிய முதல் இடம் தீவின் கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா. அங்கே கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்பு நடக்கவிருந்தது. மக்கள் குரல் கொடுத்ததால் 2001 இறுதியில் அந்தத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2007-இல் பலகை நடைபாதை திறக்கப்பட்டது. சதுப்புநிலக் காட்டு வழியும் கடலோர வழியும் சேர்ந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நடக்கலாம். நீர் ஏறியிருக்கும் நேரத்தில் போனால் பாதைக்குக் கீழே கலங்கிய தண்ணீரைத் தவிர வேறெதுவும் தெரியாது. "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று தாமதப் பேர்வழியே முதலில் கேட்பான். நீர் 0.5 மீட்டருக்குக் கீழே வற்றினால்தான் கடற்புல் வெளியும் நண்டுகளும் கண்ணில் படும்.

கடல்நீர் ஏறும், வற்றும் நேரங்களைக் காட்டும் ஏற்றவற்ற அட்டவணை இணையத்தில் கிடைக்கும். அதைப் பார்க்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் என்பது சரிதான். ஆனால் அந்த நாள்களில் ஆழமான வற்றம் நம்மூரில் பெரும்பாலும் விடியற்காலையிலோ மாலை சாயும் நேரத்திலோ விழும். செக் ஜாவா திறந்திருப்பது காலை 8.30 முதல் மாலை 6 வரைதான். ஆகவே நிலவை மட்டும் நம்பித் தேதி குறிக்காதீர்கள். வற்றத்தின் உயரம், நேரம் இரண்டையும் பாருங்கள். வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பின்னால் நகரும். சனிக்கிழமை மாலை 4 மணிக்கு வற்றினால் ஞாயிறன்று ஏறக்குறைய 5 மணி. அந்த ஒரு மணி நேரத்தில் திரும்பும் படகே தவறிப்போகலாம்.

அடுத்த இரண்டு மாதத்தில் இப்படித் தேறும் வார இறுதி நாள்கள் இரண்டு மூன்றுதான் இருக்கும். அவற்றில் இரண்டை மட்டும் குழுவில் போட்டு, செவ்வாய் இரவு 10 மணிக்கு வாக்கெடுப்பை மூடிவிடுங்கள். நான்கு பேர் சரி என்றால் பயணம் உறுதி. மற்ற இருவர் அடுத்த முறை வரட்டும். ஆறு பேரும் வந்தால்தான் போவோம் என்பது பாசம் போலத் தெரியும். மூன்று மாதமாக உங்களை வீட்டில் உட்கார வைத்திருப்பதும் அதுதான்.

உபின் படகு புறப்படும் சாங்கி வில்லேஜ் போக தானா மேராவிலிருந்து 2, தெம்பனிஸிலிருந்து 29 ஆகிய பேருந்துகள் உண்டு. படகுத்துறையில் சந்திக்காதீர்கள். அதற்குப் பக்கத்திலுள்ள உணவங்காடி நிலையத்தில் சந்தியுங்கள். முன்னால் வந்தவர்கள் தேநீர் குடித்தபடி காத்திருக்கலாம், தாமதக்காரர்மேல் கோபம் ஏறாது. அவரிடம் மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்லி ஏமாற்றும் உத்தி ஒரே ஒருமுறைதான் பலிக்கும். அதன்பின் அவரும் கணக்குப் போட்டுக்கொள்வார். படகு ஏறும் நேரத்தை மட்டும் சொல்லிவைத்து, அந்த நேரத்தில் கிளம்பிவிடுங்கள். பிந்தி வருபவர் அடுத்த படகில் தனியாக வரலாம், வழி தவற இடமில்லை.

அந்தப் படகுக்கு அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்தால் புறப்படும். ஒரு வழிக்கு ஆளுக்கு 4 வெள்ளி, ரொக்கமாக. பயணம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வார இறுதிக் காலையில் கூட்டம் சீக்கிரம் சேரும். சேரவில்லை, உங்களுக்கும் அவசரம் என்றால் ஆறு பேரும் சேர்ந்து முழுப் படகுக்கும் 48 வெள்ளி, அதாவது ஆளுக்கு 8 வெள்ளி, கொடுத்துக் கிளம்பலாம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பையைச் சோதிப்பதும் உண்டு.

மாலை 3 மணிக்கு வற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு 12 மணிக்குப் படகு, 12.30-க்குச் சைக்கிள். வெயில் உச்சத்தில் இருக்கும், அதனால் நேரே செக் ஜாவாவுக்குப் பாயாதீர்கள். படகுத்துறைக்கு அருகிலுள்ள பெக்கான் கல்குவாரிக்குப் போய் நாரைகளைப் பார்த்து, நிழலில் நின்று நின்று போங்கள். 2 மணிக்குச் செக் ஜாவா வாசலில் சைக்கிளை நிறுத்தினால் போதும். நடைபாதையில் சைக்கிளுக்கு அனுமதியில்லை. நீர் இறங்க இறங்கப் பார்ப்பதுதான் அழகு, இறங்கி முடிந்த பிறகு போவதல்ல. அங்குள்ள ஜெஜாவி பார்வைக் கோபுரம் சுமார் 20 மீட்டர் உயரம், காட்டின் தலைக்கு மேலே நிற்கலாம். 4 மணிக்குத் திரும்பினால் 5 மணிக்குச் சைக்கிளை ஒப்படைத்துவிடலாம். எப்படியும் 6.30-க்குள் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். இருட்டிய பிறகு 12 பேர் எங்கிருந்து சேருவார்கள்?

சைக்கிள் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. படகை விட்டிறங்கியதும் வாடகைக் கடைகள் வரிசையாக இருக்கும். பளபளப்பைப் பார்த்து எடுக்காமல் இரண்டு நிமிடம் சோதியுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னே தள்ளினால் பின்சக்கரம் லேசாகத் தூக்க வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின்சக்கரம் உருளாமல் இழுபட வேண்டும். டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், எளிதாக அமுங்கினால் காற்று போதாது. இருக்கையில் உட்கார்ந்து, கீழே இறங்கிய மிதியில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முழங்கால் மடங்கியே இருந்தால் இருக்கை தாழ்வு, முதல் ஏற்றத்திலேயே தொடை கடுக்கும். கடைக்கு எதிரே ஒரு சுற்று ஓட்டி கியரை மாற்றிப் பாருங்கள். அழுத்தி மிதிக்கும்போது கியரை மாற்றினால் சங்கிலி கழன்றுகொள்ளும். ஆகவே ஏற்றம் தொடங்கும் முன்பே இலகுவான கியருக்கு வந்துவிடுங்கள். கடை மூடும் நேரத்தையும் கேட்டு வையுங்கள்.

செக் ஜாவா போகும் வழி ஏற்ற இறக்கமானது, தார் இல்லாத சரளைப் பகுதியும் உண்டு. விழுகிறவர்கள் பெரும்பாலும் ஏற்றத்தில் விழுவதில்லை, இறக்கத்துச் சரளையில்தான் விழுகிறார்கள். வேகம் கூடியதும் பயந்து முன் பிரேக்கை மட்டும் இறுகப் பிடிப்பதே காரணம். வளைவு வரும் முன்பே பின் பிரேக்கை முதலில் கொடுத்து, முன் பிரேக்கை மெல்லச் சேர்த்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் பிரேக் போடாதீர்கள். இறங்கித் தள்ளும்படி பலகை சொல்லும் இடத்தில் இறங்கிவிடுங்கள், அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

சைக்கிள் தெரியாத தோழியை "ஒரே நாளில் கற்றுத் தருகிறோம்" என்று உபினில் ஏற்றிவிடாதீர்கள். கற்றுக்கொள்ள ஆசை என்றால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் சமதளப் பாதையில் இரண்டு மூன்று மாலை பழகட்டும். அதுவரை இருவர் மிதிக்கும் சைக்கிள் இருக்கிறது. நன்றாக ஓட்டுபவரும் கனமானவரும் முன்னால் உட்கார வேண்டும், திருப்புவதும் பிரேக்கும் அவர் கையில். செங்குத்தில் இருவரும் இறங்கித் தள்ளுங்கள். இதுவும் வேண்டாம் என்றால் படகுத்துறை அருகே வேன் டாக்ஸி நிற்கும், ஏறும் முன் போகவர எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். செக் ஜாவாவுக்கு நடந்தால் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். ஆறு பேரும் நடப்பது ஒன்றும் மோசமான யோசனையல்ல. இரண்டு பேர் முன்னால் பறந்துபோய், நான்கு பேர் வியர்த்து வழிந்து பின்னால் வருவதைவிட அது மேல்.

சாப்பாட்டுக்கு வருவோம். தீவில் கடலுணவுக் கடைகள் உண்டு. சைவ நண்பர் அங்கே காய்கறி கேட்டாலும் சிப்பி சாஸோ பெலாச்சானோ (இறால் விழுது) சேர்ந்துவிடும், ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதைவிடப் புளிச்சாதம் கட்டிப் போவது நிம்மதி. ஆறு பேருக்கு 600 கிராம் அரிசி. சோற்றைத் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட்டு, நல்லெண்ணெயோடு புளிக்காய்ச்சலைப் பிசைந்து டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி மதியத்துக்குள் வாடை வரும். தேங்காய்ச் சட்னியும் மயோனைஸ் தடவிய ரொட்டியும் அந்த வெயிலுக்குத் தாங்காது. ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். உணவைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிடாதீர்கள். பையைப் பார்த்தாலே சாப்பாடு என்று குரங்குகளுக்குத் தெரியும், மூடிய முதுகுப்பைதான் சரி. காட்டுப்பன்றி வந்தால் பதற்றமில்லாமல் விலகி நில்லுங்கள், எதையும் போடாதீர்கள். வனவிலங்குக்கு உணவளித்தால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம்.

வெயில் களிம்பை முதலில் தடவி, கால் மணி கழித்துக் கொசு மருந்து. மாற்றிப் போட்டால் களிம்பு மருந்தைத் துடைத்துவிடும். மின்னல் தெரிந்தால் கோபுரத்திலிருந்தும் நடைபாதையிலிருந்தும் உடனே இறங்குங்கள். கைப்பேசியில் ரோமிங்கை அணைத்து வையுங்கள். அக்கரை ஜோகூர் என்பதால் மலேசியக் கட்டமைப்பைப் பிடித்துக்கொண்டு கட்டணம் ஏறும்.

செலவைக் கூட்டிப் பார்த்தால் படகு 8 வெள்ளி, பேருந்து ரயிலுக்கு 4 அல்லது 5, சைக்கிள் அதன் வகையைப் பொறுத்து 10 முதல் 20. காலைச் சாப்பாடும் இளநீரும் சேர்த்தாலும் 40 வெள்ளியைத் தாண்டுவது கடினம். வியாழக்கிழமைக்குள் ஆளுக்கு 15 வெள்ளியை பேநவ் என்ற மின்பணமாற்றச் சேவை மூலம் ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள். அவர் அதை ரொக்கமாக, சில்லறை நோட்டாக மாற்றி வைத்துக்கொள்ளட்டும். படகும் பொதுச் சாப்பாடும் அதிலிருந்து, சைக்கிளும் சொந்த ஆசைகளும் அவரவர் பணம். வியாழனுக்குப் பிறகு விலகுபவருக்குப் படகுப் பங்கு திரும்பும், சாப்பாட்டுப் பங்கு திரும்பாது. இதைப் பணம் வாங்கும்போதே குழுவில் எழுதிவிடுங்கள். திரும்பி வந்ததும் கணக்கைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பிரித்துக் கொடுக்காமல் அடுத்த வற்றத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.