கேளுங்கள், சொல்கிறோம்: ஹோமர் முதல் பூசை இலத்தீன் வரை

கேள்வி: உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் ஒரு பாடமாக எடுத்தேன், நல்ல பெறுபேறு. பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டமும் முடித்துவிட்டேன். ஒக்ஸ்போர்டில் கிரேக்க, இலத்தீன் மொழி இலக்கியத்தில் மாஸ்டர்ஸ் செய்ய வேண்டும் என்று ஆசை. இரண்டிலும் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது, போய்ப் படித்துக்கொள்ளலாம்தானே?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: இப்போதைக்கு முடியாது தங்கச்சி. நீங்கள் சொல்கிற அந்தப் படிப்பு 9 மாதம்தான், கிரேக்கக் கவி ஹோமரையோ இலத்தீன் கவி வேர்ஜிலையோ மூலத்தில் ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவர்களுக்கென்றே வைத்தது, அங்கே அரிச்சுவடி சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை. உயர்தரத்தில் நீங்கள் படித்தது நாகரிகம், அதுவும் மொழிபெயர்ப்பில். அது வீணில்லை, ஆனால் விண்ணப்பத்தில் மொழி எவ்வளவு தெரியும் என்று கேட்கிற இடத்தில் அது கைகொடுக்காது. ஒரு நல்ல செய்தி, இரண்டு மொழியும் கட்டாயம் இல்லை. ஒன்றில் ஆழமாக இருந்தால் அந்த ஒன்றோடு மட்டும் போகலாம்.

ஆகவே முதலில் மொழி, அப்புறம் விண்ணப்பம். இலத்தீனில் தொடங்குங்கள். வீலொக்கின் பாடநூல் 40 அத்தியாயம், வீட்டிலிருந்தே முடிக்கக்கூடியது. நமக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது, ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைகள் வேற்றுமை என்றதும் மிரண்டு போவார்கள், நாம் எட்டு வேற்றுமையைப் பள்ளிக்கூடத்திலேயே பாடமாக்கியவர்கள். குறில் நெடிலும் அப்படித்தான். இலத்தீனில் 'ரோஸ' என்று குறிலில் முடிந்தால் ரோஜா எழுவாய், 'ரோஸா' என்று நெடிலில் முடிந்தால் 'ரோஜாவால்', 'ரோஜாவிலிருந்து' என்று வேற்றுமையே மாறிவிடும். புத்தகத்தில் அந்த நெடிலுக்கு மேலே ஒரு சிறு கோடு போட்டிருப்பார்கள், பலர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய், கவிதைக்கு வந்ததும் திண்டாடுவார்கள், ஏனென்றால் வேர்ஜிலின் அடிகள் நிற்பதே அசையின் நெடுமை குறுமையில்தான். வெண்பாவுக்கு அலகிட்டுப் பழகிய கைக்கு அது அவ்வளவு அந்நியமாக இராது. கிரேக்கம் கொஞ்சம் கஷ்டம். 24 எழுத்து ஒரு கிழமையில் வந்துவிடும், வினைச்சொல்தான் ஆளைச் சாப்பிடும்.

தனியே படித்து ஓரளவுக்கு மேல் ஏறாது என்று பட்டால் அயர்லாந்தில் கோர்க் பல்கலைக்கழகக் கல்லூரி கோடையில் நடத்தும் 8 வாரத் தீவிர வகுப்பைப் பாருங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா போன்ற இடங்களில் பட்டம் முடித்தவர்கள் மொழியை மட்டும் பலப்படுத்திக்கொள்ளத் தனிப் படிப்பு உண்டு, ஆனால் செலவு கண்ணைக் கட்டும். பிரித்தானியாவில் சில பல்கலைக்கழகங்களின் மாஸ்டர்ஸில் தொடக்கநிலை இலத்தீனையே ஒரு பாடமாக எடுக்க விடுவார்கள், என்னைக் கேட்டால் உங்களுக்கு ஒக்ஸ்போர்டைவிட அதுதான் பொருத்தம். இதற்கெல்லாம் முன்பு பேராதனையிலும் களனியிலும் இருக்கிற செவ்வியல் துறைகளில் ஒருதரம் நேரே போய்க் கேளுங்கள். பேராதனையில் தொடங்குகிற ஏ5 வீதி நம்முடைய செங்கலடியில்தானே வந்து முடிகிறது.

காசு விசயம்: பொதுநலவாயப் புலமைப்பரிசில் அபிவிருத்தி சார்ந்த துறைகளைப் பார்க்கிறது, கிரேக்கத்தை அங்கே விற்பது கடினம். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் பாடம் பார்ப்பதில்லை, ஆனால் இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும். அதனால் வேலை ஒன்றில் சேர்ந்துகொண்டு, அந்த இரண்டு வருடத்தில் இலத்தீனை முடியுங்கள். ஒக்ஸ்போர்டின் கிளாரண்டன் நிதிக்குத் தனி விண்ணப்பம் இல்லை, முடிவுத் திகதிக்குள் அனுமதிக்கு விண்ணப்பித்தாலே உங்களையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

கேள்வி: தமிழ் படித்தவன் இந்தத் துறைக்குள் போய் என்ன ஆராய்ச்சி செய்ய இருக்கிறது? ஹோமரைப் பற்றி ஐரோப்பியர் எழுதாததையா நாம் எழுதப்போகிறோம்?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: ஹோமரை விடுங்கள், தம்பி. சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்கு யவனர் கலங்கள் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்கிறது அகநானூறு 149. அதே முசிறி வியாபாரத்தின் கடன் ஒப்பந்தம் ஒன்று கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பப்பைரஸாக (அக்கால நாணல் தாள்) வியன்னாவில் இருக்கிறது, காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு, கப்பலின் பெயர் ஹெர்மபொலோன், சரக்கில் யானைத் தந்தம் இருக்கிறது. இந்தப் பாட்டையும் அந்தப் பப்பைரஸையும் இரண்டு மூலத்திலும் வாசிக்கக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணலாம். நம் தீவைப் பற்றி உரோம எழுத்தாளர் பிளினி தன் நூலின் 6ஆம் புத்தகத்தில் எழுதியதையும் பாருங்கள். அரபுக் கரையோரம் வரி வசூலித்த ஒருவரின் ஆள் காற்றில் அடிபட்டு இங்கே வந்து சேர்கிறான். அவனிடமிருந்த உரோமக் காசுகளில் முகங்கள் வேறு வேறாக இருந்தும் நிறை ஒன்றாகவே இருந்ததைக் கண்டு அரசன் வியந்து, உரோமப் பேரரசன் குளோடியஸிடம் தூதர்களை அனுப்பினானாம். அந்தப் பகுதி சில பக்கம்தான், அதை வைத்தே நல்ல ஆய்வு முன்மொழிவு ஒன்று எழுதலாம். ஒன்று சொல்கிறேன், கலாநிதிப் பட்டம் வரை போகிற எண்ணம் இருந்தால் ஜெர்மன் வாசிக்கவும் பழக வேண்டி வரும், பழைய ஆய்வுகளில் பாதி அதில்தான் கிடக்கிறது.

கேள்வி: எங்கள் பங்கில் வயதான ஃபாதர் ஒருவர் இலத்தீன் சொல்லித் தருகிறேன் என்கிறார். கோயில் இலத்தீன் பல்கலைக்கழகத்துக்கு உதவுமா? அம்மப்பா பழைய பூசை மந்திரங்களை இன்னும் மனப்பாடமாகச் சொல்வார்.
– வாசகி, புளியந்தீவு

பதில்: கட்டாயம் போங்கள். இலக்கணம் ஒன்றுதான், உச்சரிப்பு மட்டும் வேறு. உரோமப் பேச்சாளர் ஒருவரின் பெயரைக் கோயிலில் 'சிச்செரோ' என்பதைப் பல்கலைக்கழகத்தில் 'கிக்கெரோ' என்பார்கள், ஒரு மாதத்தில் பழகிவிடும். புனித ஜெரோமின் இலத்தீன் வேதாகமம் கிக்கெரோவைவிட எவ்வளவோ எளிது, கதையும் ஏற்கெனவே தெரிந்தது. யோவான் நற்செய்தியில் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள், அவர் வேறு ஏதும் எடுத்தாலும் மறுக்காதீர்கள், மட்டக்களப்பில் காசில்லாமல் இலத்தீன் சொல்லித்தர வேறு யார் இருக்கிறார்கள்?