தோளும் காதும்

அன்புள்ள ஐயா,

ரைபிளின் பின்னுதைப்பைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். நான் .300 வின்செஸ்டர் மேக்னம் வைத்திருக்கிறேன். பத்து குண்டு சுட்டாலே தோள் கன்றிவிடுகிறது, ஐந்தாவது குண்டிலிருந்து விசையை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொள்கிறேன். குழல்முனையில் மாட்டி உதையைக் குறைக்கும் மசில் பிரேக்கைப் போட்டுக்கொள் என்கிறார்கள் நண்பர்கள். சத்தம் அதிகம் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். ஆனால் வேட்டையில் சுடப்போவது ஒன்றோ இரண்டோ குண்டுதான், அந்தப் பரபரப்பில் சத்தமே காதில் விழாதாமே? மான் வேட்டைதான், 250 மீட்டருக்கு மேல் சுடுவதில்லை. இந்த முறை என் பதினான்கு வயது மகளும் வருகிறாள், பக்கத்தில் உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்துச் சொல்வாள். என்ன செய்யலாம்?

கே.

அன்புள்ள கே.,

கண்ணை மூடிக்கொள்வதை ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. குறி தவறினால் பெரும்பாலோர் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைத்தான் குறை சொல்வார்கள்.

மசில் பிரேக் வேலை செய்யும், அதில் சந்தேகம் வேண்டாம். உங்கள் ரைபிளில் 11.7 கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் போகிறது. அதன் பின்னால் நாலரை கிராம் வெடிமருந்து எரிந்து வாயுவாகி, குண்டைவிட வேகமாகச் சீறி வெளியேறுகிறது. தோளில் விழும் உதையில் மூன்றில் ஒரு பங்கு இந்த வாயுவால் வருவது. குழல்முனையில் திருகிய பிரேக், அந்த வாயுவைப் பக்கவாட்டுத் துளைகள் வழியாகத் திருப்பிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்குதானே என்று நினைக்காதீர்கள். உதையின் ஆற்றல் வர்க்கக் கணக்கில் இறங்கும். உந்தத்தில் முப்பது சதவீதம் குறைந்தால் ஆற்றல் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். பிரேக் போட்ட .300, அதைவிடச் சிறிய தோட்டாவான .308ஐச் சுடும் பிரேக் போடாத ரைபிள் அளவுக்குத்தான் உதைக்கும். .45-70 போல கனமான குண்டை மெதுவாக அனுப்பும் தோட்டாக்களில் இவ்வளவு லாபம் கிடைக்காது. அங்கே உதையில் பெரும்பங்கு குண்டினுடையது, திருப்பிவிட வாயு குறைவு.

இன்னொரு நன்மையும் உண்டு, எனக்கு அது தோள்வலியைவிடப் பெரியது. துப்பாக்கி துள்ளாததால் ஸ்கோப்பில் மான் கண்ணைவிட்டு நகராது. குண்டு எங்கே பட்டது, மான் எந்தப் பக்கம் ஓடியது என்பதை நீங்களே பார்க்கலாம். அடிபட்ட மானைத் தேடி அலைந்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

சரி, சத்தத்துக்கு வருவோம். திடீர் வெடிச்சத்தத்தில் 140 டெசிபலைத்தான் காதுக்கான அபாய எல்லையாகச் சொல்வார்கள். வேட்டை ரைபிள்கள் பிரேக் இல்லாமலே 160ஐ ஒட்டி நிற்கின்றன. பிரேக் போட்டால் சுடுபவரின் காதில் இன்னும் ஐந்து முதல் பத்து டெசிபல் கூடும். பத்து என்பது சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் ஆறு டெசிபல் கூடினாலே காதில் மோதும் அழுத்தம் இரட்டிப்பாகிவிடுகிறது. துளைகள் பின்பக்கம் சாய்ந்திருந்தால் உதை இன்னும் நன்றாகக் குறையும், சத்தமும் நேராக உங்கள் முகத்துக்கே வரும்.

"காதில் விழாதாமே" என்கிறீர்கள். உண்மைதான், விழாது. பரபரப்பில் மூளை அந்தச் சத்தத்தைக் கவனிக்காமல் விட்டுவிடும். ஆனால் உள்காதில் இருக்கும் மயிர்ச்செல்களுக்கு அந்தப் பரபரப்பெல்லாம் கிடையாது. அவை மொத்த அடியையும் வாங்கிக்கொள்கின்றன, செத்தால் மறுபடி முளைப்பதில்லை. ஒரே ஒரு குண்டுகூட அதற்குப் போதும். பல வருடங்களுக்கு முன் ஒரு சுடுதளத்தில், குறிப்பெழுதுவதற்காக, காதை மூடும் இயர்மஃப்பைக் கழற்றியிருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் பிரேக் போட்ட ரைபிளைச் சுட்டார். இரண்டு நாள் காது இரைந்தது. இன்றும் அறை அமைதியானால் இடது காதில் ஒரு மெல்லிய விசில் கேட்கிறது. அவர்மீது தப்பில்லை, கழற்றியவன் நான்.

1990களில் பிரவுனிங், வின்செஸ்டர் ரைபிள்களில் 'பாஸ்' என்றொரு முனைக்கருவி வந்தது. துல்லியத்தைச் சீர்செய்யும், கூடவே பிரேக்காகவும் வேலை செய்யும். பிறகு துளையே இல்லாத 'பாஸ்-சிஆர்' என்ற வகையையும் விற்றார்கள். உதை இருந்தாலும் பரவாயில்லை, அந்தச் சத்தம் வேண்டாம் என்றவர்களுக்காக. பிரேக் போட்ட ரைபிளோடு வராதே என்று சொல்லும் வேட்டை வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். ஏனென்றால் துளைக்கு நேராகப் பக்கத்தில் உட்காருபவர்கள் அவர்கள்தான்.

இந்த முறை அந்த இடத்தில் உங்கள் மகள். கடிதத்தில் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு அங்கேதான் கண் நின்றது.

என்னைக் கேட்டால், 250 மீட்டருக்குள் மான் சுட .300 மேக்னமே தேவையில்லை. .308 அல்லது 6.5 கிரீட்மோர் போன்ற உதை குறைந்த தோட்டா போதும், அதுவும் பிரேக் இல்லாமல். மேக்னத்தை வாங்கி, அதன் உதையைத் தாங்க முடியாமல் பிரேக் போட்டு, .308இன் உதைக்குக் கொண்டுவந்து, கூடுதலாகச் சத்தத்தையும் வாங்கிக்கொள்வது எனக்குச் சுற்றுவழியாகவே படுகிறது. இந்த ரைபிளையே வைத்துக்கொள்வதென்றால், உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதித்தால் குழல்முனையில் மாட்டும் ஒலியடக்கியான சப்ரெசரைப் பாருங்கள். அது உதையையும் குறைக்கும், சத்தத்தையும் குறைக்கும். நீளம் கூடும், முனை கனக்கும், அவ்வளவுதான்.

பிரேக்தான் என்று முடிவெடுத்தால், அதைத் திருகுவதற்கான மரையை, கைதேர்ந்த துப்பாக்கித் தச்சரிடம் கொடுத்துக் குழலில் வெட்டிக்கொள்ளுங்கள். குண்டுக்கும் பிரேக்கின் துளைக்கும் இடைவெளி மயிரிழைதான், மரை கோணினால் குண்டு உரசும். பயிற்சியில் மாட்டி, வேட்டையில் கழற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் கழற்றினால் குண்டு விழும் இடம் மாறும். மறுபடி குறி சரிபார்க்காமல் காட்டுக்குள் போகாதீர்கள். அடிப்பக்கம் துளை உள்ளதை வாங்க வேண்டாம், படுத்துச் சுட்டால் மண் பறந்து கண்ணில் விழும்.

காதுக்குள் செருக இயர்பிளக், அதன்மேல் மின்னணு இயர்மஃப். காய்ந்த இலை நொறுங்குவதைப் பெரிதாக்கிக் கேட்கவைக்கும், வெடிச்சத்தத்தை அடக்கிவிடும். உள்ளே பிளக் இருப்பதால் ஒலியளவைக் கூட்டி வைக்கவேண்டியிருக்கும். மகள் முனைக்கு நேராக உட்காராமல் உங்களுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி உட்காரட்டும். அவள் கண்ணாடி போடுபவளா என்று நீங்கள் எழுதவில்லை. போடுபவள் என்றால், கண்ணாடிக் காம்பு மஃப்பின் திண்டைத் தூக்கி இடைவெளி விடும், சத்தம் அந்த வழியாக நுழையும். மெல்லிய காம்புள்ள கண்ணாடியும் மெத்தென்ற திண்டுள்ள மஃப்பும் சேர்த்து மாட்டிப் பார்த்தே வாங்குங்கள்.