டார்லிங்டனும் சின்ன ஊர்தான்

கேள்வி: மாவட்ட நாளிதழ் ஒன்றில் நான்கு வருடமாக உதவி ஆசிரியராக இருக்கிறேன். மின்தடை, திருவிழா, விபத்து என்றே நாள் ஓடுகிறது. பெரிய பத்திரிகைக்குப் போனால்தான் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: சம்பளம் போதவில்லை என்றால் தாராளமாகக் கிளம்புங்கள். உருப்படியாகச் செய்வதற்காக என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

ஹெரால்ட் எவன்ஸ் என்று ஒரு இங்கிலாந்து ஆசிரியர் இருந்தார். ரயில் எஞ்சின் ஓட்டுநரின் மகன். 16 வயதிலேயே மான்செஸ்டர் பக்கம் ஒரு வாரப் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1967 முதல் 14 வருடம் லண்டன் 'சண்டே டைம்ஸ்' ஆசிரியராக இருந்தார், எல்லோரும் அந்தக் காலத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு என்னவோ அதற்கு முந்தைய சில வருடங்கள்தான் பிடிக்கும். 1961இல் டார்லிங்டன் என்ற வட இங்கிலாந்து ஊரில் 'நார்தர்ன் எக்கோ' நாளிதழுக்கு ஆசிரியராக வருகிறார். கனடாவின் வான்கூவரில் கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பரிசோதனையில் முன்கூட்டியே கண்டுபிடித்துப் பெண்களைக் காப்பாற்றுகிறார்கள் என்று ஒரு துண்டுச் செய்தி கண்ணில் படுகிறது. நாமாக இருந்தால் உள்பக்கத்தில் இடம் நிரப்பப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவரோ ஒரு நிருபரை அதிலேயே இறக்கிவிட்டு, இங்கே ஏன் இது இல்லை என்று திரும்பத் திரும்ப எழுத வைத்தார். பிற்பாடு அந்தப் பரிசோதனை நாடு முழுக்க வந்தது. செய்யாத கொலைக்காக 1950இல் தூக்கிலிடப்பட்ட டிமோதி எவன்ஸுக்கு (பெயர்தான் ஒன்று, உறவில்லை) மன்னிப்பு வேண்டும் என்று மல்லுக்கு நின்றதும் அதே பத்திரிகைதான். 1966இல் கிடைத்தது, ஆள்தான் இல்லை.

லண்டனுக்குப் போயும் அதே பிடிவாதம். கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு மாத்திரையால் கைகால் வளராமல் பிறந்த குழந்தைகளுக்கு நியாயமான நஷ்டஈடு கேட்டு எழுதியபோது, 1972இல் ஒரு கட்டுரைக்கு நீதிமன்றம் தடை போட்டது. விடவில்லை, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1979இல் ஜெயித்தார்கள்.

அப்புறம் பெரிய நாற்காலி பற்றி. 1981இல் பத்திரிகையை வாங்கிய ஊடக முதலாளி ரூபர்ட் மர்டோக் அவரை லண்டனின் இன்னொரு பத்திரிகையான 'தி டைம்ஸ்' ஆசிரியராக்கினார். ஒரே வருடம்தான், முதலாளியோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்துவிட்டார்.

சரி, உங்கள் மின்தடைக்கு வருவோம். எந்தத் தெருவில், எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று ஆறு மாதம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மின்வாரியத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். அதையெல்லாம் எடுத்துக்கொண்டு போயும் உங்கள் ஆசிரியர் இடம் தரவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு வேலை தேடுவதைப் பற்றி அப்போது பேசலாம்.