செழியன்: பெயர்க் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மகனுக்குச் செழியன் என்று வைக்கலாமென்று இருக்கிறோம். பொருள் என்னங்க?

பதில்: ‘செழி’தான் வேர், செழிப்பு, செழுமை எல்லாம் அதில் பிறந்தவை. வளம் மிக்கவன் என்று கொள்ளலாம். மாறன், வழுதி போலப் பாண்டியர்க்கே உரிய பெயர்.

கேள்வி: புலவர்கள் பாட்டில் மட்டும்தானா, கல்வெட்டிலும் உண்டா?

பதில்: உண்டு. மதுரைக்கு அருகே மாங்குளத்தில், சமண முனிவருக்குப் பள்ளி, அதாவது தங்குமிடம், அமைத்துத் தந்த செய்தியைச் சொல்லும் தமிழிக் (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டில் ‘நெடுஞ்சழியன்’ என்று வெட்டியிருக்கிறது. ‘செ’ அல்ல, ‘ச’ என்பதைக் கவனியுங்கள். கி.மு. காலத்துப் பாறையிலேயே ழகரம் அழுத்தமாக நிற்கிறது. அதை நாம் ளகரமாக்கிக் கூப்பிடுவது நியாயமில்லை.

கேள்வி: கோவலனைக் கொல்லச் சொன்னவன் பெயராச்சே என்று மாமியார் தயங்குகிறார்.

பதில்: பிழை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர்விட்டவன் அவன். அந்தப் பெயரில் வேறு பலரும் உண்டு. கற்றவன் எக்குலமானாலும் அவனிடம் மற்றவர் கற்பார் என்று சொல்லும் புறநானூற்று 183ஆம் பாட்டைப் பாடிய ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியனும் அவனே என்பது மரபு. மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: தாத்தா தலைமுறையில் இந்தப் பெயரைக் கேட்டதே இல்லையே, ஏன் ஐயா?

பதில்: அப்போது ஏட்டில்தான் இருந்தது. 1916-ல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியபோது தமிழறிஞர் வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார். வேதம் மறை, அசலம் மலை, நேர் மொழிபெயர்ப்பு. திராவிட இயக்கத்தார் இன்னொரு வழியும் கண்டார்கள்: பழைய மன்னர் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். நாராயணசாமி இரா. நெடுஞ்செழியன் ஆனார், தம்பி சீனிவாசன் இரா. செழியன் ஆனார். இயக்கப் பற்றுள்ள வீடுகளில் பிள்ளைகளுக்கும் அப்படிப் பெயர்கள் வந்தன. பிறகு ஷ், ஸ்ரீ ஒலிக்கும் பெயர்கள் பெருகி இவற்றை ஓரங்கட்டின. இப்போது இனியன், யாழினி வரிசையில் சின்னதாக இருப்பதால் செழியனும் மறுபடி கண்ணில் படுகிறது.

கேள்வி: நெடுஞ்செழியனில் ‘ஞ்’ எதற்கு?

பதில்: நெடுமை + செழியன். ‘மை’ கெட்டு, சகரத்துக்கு இனமான ஞ் மிகும், கருங்கடல் மாதிரி. ‘நெடுச்செழியன்’ பிழை.

கேள்வி: ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

பதில்: ழகரத்துக்கு இசட்-எச். செழியன் என்று தனியே வந்தால் முதலெழுத்து எஸ். நெடுஞ்செழியனில் ஞ்-க்குப் பின் சகரம் ‘ஜ’ போல ஒலிக்கும், ஆனாலும் அங்கே சி-எச் எழுதுவதே வழக்கம். கடைசியில் வரும் ஐ-ஏ-என் நடுவே ஒய் வேண்டுமா என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பிறப்புப் பதிவில் 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணம் உண்டு. பதிவில் ஒரு எழுத்து, பள்ளியில் வேறொரு எழுத்து என்று போனால் பாஸ்போர்ட் எடுக்கும்போது இடிக்கும்.