அமிகா 500ங்கிற பழைய ஹோம் கம்ப்யூட்டர்ல ராம் ஏத்திட்டா புது ஓஎஸ் தானா வந்துடுமா?

வராதுங்க, ரெண்டும் வேற வேற வேலை. அந்த மெஷின்ல ஓஎஸ்ஸோட முக்கியமான பாதி, கிக்ஸ்டார்ட்னு சொல்றது, போர்டுல இருக்கிற ராம் சிப்புல இல்ல, எழுதினது மாறாத ரோம் சிப்புலதான் இருக்கு, அதனால 1.3 வெர்ஷன்ல இருந்து 2.04க்குப் போகணும்னா சிப்பையே கழட்டி மாத்தணும், கூடவே ஓஎஸ்ஸோட மீதிப் பாதி இருக்கிற வொர்க்பெஞ்ச் ஃப்ளாப்பியும் அதே வெர்ஷன் வேணும். பழைய 1.3 ரோம் 256 கேபி, 2.04 வந்து 512 கேபி, அதான் ஆரம்பகால போர்டுல சும்மா சொருகினா வேலை செய்யாது, கொஞ்சம் ஒயரிங் மாத்தணும்.

ராம் ஏத்துறது ரொம்ப ஈஸி, அடியில ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்து 512 கேபி கார்டைத் தள்ளினா மொத்தம் 1 எம்பி. ஆனா கார்டு பழசுன்னா முதல்ல பேட்டரியப் பாருங்க, கடிகாரத்துக்கு வச்சது, பச்சையா கசிஞ்சு கார்டுல இருக்கிற செப்புத் தடத்தையே அரிச்சிருக்கும்.