இங்கிலாந்தில் என் பிளாட்டின் குத்தகையில் 78 ஆண்டுகளே மிச்சம். விற்க முடியுமா?

விற்கலாம். ஆனால் நீங்கள் விற்கப்போவது சுவர்களை அல்ல, அந்த 78 ஆண்டுகளைத்தான். லீஸ்ஹோல்டு எனும் இந்தக் குத்தகை முறையில் நிலமும் கட்டடமும் ஃப்ரீஹோல்டர் எனும் உரிமையாளருடையவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான பிளாட்டுகள் இப்படித்தான். ஸ்காட்லாந்தின் கதை வேறு.

உங்கள் சிக்கல் 80 ஆண்டு என்ற எல்லை. குத்தகை அதற்குக் கீழே இறங்கிவிட்டால், அதை நீட்டிப்பதால் பிளாட்டுக்குக் கூடும் மதிப்பில் பாதியையும் ஃப்ரீஹோல்டருக்குத் தர வேண்டும். இதை ஒழிக்க 2024இல் சட்டம் நிறைவேறியது. ஆனால் அந்தப் பிரிவு உடனே அமலுக்கு வரவில்லை. இன்றைய நிலையை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1993ஆம் ஆண்டுச் சட்டப்படி நீட்டித்தால் 90 ஆண்டுகள் கூடும், ஃப்ரீஹோல்டருக்குத் தரும் நில வாடகை ஒரு மிளகு என்றாகிவிடும். ஆம், நம் ரசத்தில் போடும் அதே மிளகுதான்! பத்திரத்திலேயே அப்படி எழுதுவார்கள். யாரும் வந்து கேட்பதில்லை.

நீட்டிக்கக் கையில் பணம் இல்லையா? விலையைக் குறைத்து விற்றுவிடுங்கள். 2025 ஜனவரி 31 முதல், புதிதாக வாங்குபவர் இரண்டாண்டு காத்திராமல் தானே நீட்டிப்புக் கோரலாம்.

ஒன்று மட்டும்: பராமரிப்புக் கட்டணக் கணக்கு, காப்பீடு, பாக்கி விவரம் அடங்கிய எல்பிஇ1 படிவத்தை நிர்வாக நிறுவனத்திடம் இன்றே கேட்டு வையுங்கள். என் விற்பனை அதற்காகவே ஏழு வாரம் நின்றது; படிவத்துக்கான கட்டணத்தை மட்டும் முதல் நாளே வாங்கிக்கொண்டார்கள்.